நாழிகையும் நிதானமும்

“நேரமில்லை” என்னும் சொல்லை நாம் ஒரு நாளில் எத்தனை முறை கூறுகிறோம் என்று கணக்கெடுத்துப் பார்த்தால் நமக்கே வியப்பாக இருக்கும். உண்ணும்பொழுது அலுவலகத்தை எண்ணுகிறோம். அலுவலகத்தில் அமர்ந்து வீடு திரும்பும் வண்டியை எண்ணுகிறோம். வண்டியில் ஏறியபின் மறுநாளைய வேலையை எண்ணுகிறோம். உடல் ஓரிடத்திலும் உள்ளம் வேறிடத்திலுமாக நாள் கழிந்துவிடுகிறது. இப்பரபரப்பு மனிதனோடு உடன்பிறந்தது என்று கருதுவோர் பலர். ஆயின் நம் நாட்டின் வரலாற்றைப் புரட்டினால், இன்றைய அவசரத்திற்கும் பிறந்த காலமும் வளர்ந்த ஊர்களும் உண்டு என்பது விளங்கும். காலத்தை அளக்கும் கருவிகள் நம்மிடையே எவ்வாறு மாறின, அவற்றோடு வாழ்க்கையின் நடையும் எவ்வாறு மாறியது என்பதைச் சிறிது நோக்குவோம்.

பழங்காலத்தில் ஒரு பகலையும் ஓர் இரவையும் சேர்த்து 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இக்கால அளவில் 24 நிமிஷம். இரண்டரை நாழிகை ஒரு மணி. நாழிகையை 60 விநாடியாகப் பிரித்தனர். எனவே பஞ்சாங்கக் கணக்கில் ஒரு விநாடி என்பது இன்றைய 24 செகண்டுக்குச் சமம். அதே விநாடி என்னும் சொல்லையே இன்று ஒரு செகண்டுக்கு நாம் வழங்குகிறோம். ஒரு சொல் தன் பழைய அளவில் இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது! அதற்கும் சிறிய அளவுகளை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். எழுத்தொலியின் மாத்திரையைக் கண்ணிமைப்பினாலும் கைந்நொடியினாலும் அளந்து காட்டியது தொல்காப்பியம். ஆயினும் அவ்வளவு இலக்கணத்திற்கும் இசைக்கும் பயன்பட்டதேயன்றி, உழவனையோ நெசவாளனையோ விரட்டுவதற்குப் பயன்படவில்லை.

நாழிகையை அளக்கும் கருவி மிக எளியது. அடியில் நுண்ணிய துளையிட்ட செப்புக் கிண்ணம் ஒன்றை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்க விடுவர். துளை வழியே நீர் மெல்ல ஏறும்; கிண்ணம் நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை கழிந்தது என்று பொருள். உடனே அதனை எடுத்துக் கவிழ்த்து மீண்டும் மிதக்க விடவேண்டும். தமிழில் இதனை நாழிகை வட்டில் என்றனர். நீர்க்கன்னல் என்னும் பெயரும் உண்டு. வடமொழியில் கடிகை எனப்பட்டது. நாம் இன்று கையில் கட்டும் கடிகாரம் அச்சொல்லின் வழியே வந்ததுதான். இக்கருவிக்கு ஓர் இயல்பு உண்டு: அருகில் ஒருவர் விழித்திருந்தாலன்றி அது இயங்காது. மூழ்கிய கிண்ணத்தைக் கவனியாதவனுக்குக் காலமே நின்றுவிடும். அதாவது, காலத்தை அளப்பது என்பதே அக்காலத்தில் கவனத்தோடு அமர்ந்திருக்கும் ஒரு தொழிலாக இருந்தது.

ஏழாம் நூற்றாண்டில் சீன நாட்டிலிருந்து வந்து நாளந்தாவில் சுமார் 10 ஆண்டுகள் தங்கிக் கற்ற இத்சிங் என்னும் பௌத்தத் துறவி, அங்கிருந்த நீர்க்கடிகையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இந்தியாவின் பெரிய விகாரங்களுக்கு மன்னர்கள் தலைமுறை தலைமுறையாக இத்தகைய கருவிகளையும் அவற்றைக் கவனிக்கும் சிறுவர்களையும் அளித்து வந்தனர் என்கிறார். கிண்ணம் ஒருமுறை மூழ்கினால் முரசு ஒருமுறை முழங்கும். இருமுறை மூழ்கினால் இருமுறை முழங்கும். நான்காம் முறை முடிந்தபின் சங்கும் ஒலிக்கும். துறவிகள் நண்பகலுக்கு முன்னரே உணவை முடிக்கவேண்டும் என்பது விதி. ஆகவே பொழுதைத் துல்லியமாக அறிவது அவர்களுக்கு அவசியமாயிற்று. பொழுதை மறந்து வாழ்ந்தவர்கள் அவர்கள் என்று நாம் எண்ணிவிடலாகாது. முரசொலி அவர்களை ஒரு செயலிலிருந்து மற்றொரு செயலுக்கு அழைத்தது. அழைத்த பின்னர், அச்செயலிலேயே முழுதும் நிலைத்திருக்க விட்டுவிட்டது.

இத்சிங் கூறும் மற்றொரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் பொருந்துவது. இந்தியாவில் துறவிகளும் இல்லறத்தாரும் உரிய வேளைகளில் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக அமைதியாக உலவும் வழக்கமுடையவர் என்றும், அது உடலுக்கு நலந்தரும் என்றும் அவர் குறிக்கிறார். சங்கிரமம் என்பது அந்நடையின் பெயர். புத்தர் பெருமான் உலவிய இடங்களில் செங்கல்லால் கட்டிய நடைமேடைகளைக் கண்டதாகவும், அவை 14 அல்லது 15 முழ நீளமும் 2 முழ அகலமும் உடையவை என்றும், மேலே மலர்ந்த தாமரை வடிவங்கள் அமைந்திருந்தன என்றும் எழுதுகிறார். புத்தகயையில் மகாபோதிக் கோயிலின் வடபுறத்தே தாமரை வடிவங்கள் கொண்ட அத்தகைய நடைமேடை ஒன்றை இன்றும் காணலாம். பதினைந்து முழம் நடந்தால் பாதை முடிந்துவிடும், திரும்பி நடக்கவேண்டும். எங்கும் போய்ச் சேருவதற்காக அமைந்த பாதை அன்று அது. எடுத்து வைக்கும் அடியை அறிந்து வைப்பதற்காகவே ஒரு பாதையைக் கட்டி, அதன் மேல் தாமரைகளையும் செதுக்கியவர்கள் இந்நாட்டில் வாழ்ந்தார்கள்.

நாளந்தாவுக்குப் பின் பல நூற்றாண்டுகள் கழிந்தும் நீர்க்கடிகை நகரங்களில் நிலைத்திருந்தது. 1526-ல் பானிப்பட்டில் வென்று தில்லியைக் கைக்கொண்ட பாபர், இந்நாட்டு நகரங்களில் நாழிகை அறிந்து வெண்கலத் தகட்டை அடித்து ஒலிக்கச் செய்வோரைக் கண்டு தம் நினைவுக் குறிப்பில் விரிவாக எழுதினார். இரவில் விழித்துக்கொண்டவர் நாழிகை ஒலியை மட்டும் கேட்டால் எந்தச் சாமம் என்பது விளங்காதே என்று எண்ணி, நாழிகையோடு சாமத்தையும் அடித்து உணர்த்துமாறு கட்டளையிட்டார். போர்க்களங்களுக்கிடையே ஓர் அரசர் கவலைப்பட்ட செய்தி இது! ஊர் முழுவதற்கும் பொதுவான ஓர் ஒலி. அதனைக் கேட்போர் அனைவர்க்கும் ஒரே பொழுது. தனித்தனியே ஒவ்வொருவரும் கையில் காலத்தைச் சுமந்து திரியும் நிலை அப்பொழுது இல்லை.

பழங்காலத்தார் நிதானமாக வாழ்ந்ததற்குக் காரணம் துல்லியம் இன்மையே என்று சிலர் கூறக்கூடும். அதற்கு விடை ஜெய்ப்பூரில் நிற்கிறது. சவாய் ஜெய்சிங் மன்னர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாராணசி, மதுரா ஆகிய ஐந்து ஊர்களில் வான ஆய்வுக்கூடங்களை எழுப்பினார். ஜெய்ப்பூரில் உள்ள சம்ராட் யந்திரம் சுமார் 27 மீட்டர் உயரமுள்ள கதிரவக் கடிகாரம். அதன் நிழல் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. 2 விநாடி அளவுக்கு நுட்பமாகப் பொழுதைக் கணிக்க அதனால் இயலும். சற்று நின்று நோக்குவோருக்குக் காலம் நகர்வதைக் கண்ணாலேயே காணும் பேறு கிட்டும். ஆனால் அது காட்டுவது ஜெய்ப்பூரின் பொழுது. கதிரவன் அவ்வூருக்கு நேர் உச்சியில் வரும்பொழுதுதான் அங்கு நண்பகல். நம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடவேண்டுமானால், ஊரின் தீர்க்கரேகையைக் கருதிச் சுமார் 27 நிமிஷம் கூட்டவேண்டும். பருவத்திற்கேற்ப வேறொரு சிறு திருத்தமும் செய்யவேண்டும். ஒவ்வோர் ஊரும் தன் வானத்தைத் தானே பார்த்துத் தன் பொழுதை வகுத்துக்கொண்ட காலம் அது.

அக்காலத்தை முடித்து வைத்தது இருப்புப்பாதை. 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு 21 மைல் தூரம் முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1856-ல் சென்னை இராயபுரத்திலிருந்தும் ரயில் புறப்பட்டது. ஊருக்கு ஒரு பொழுது என்றிருந்தால் ரயிலுக்குக் கால அட்டவணை வகுப்பது எவ்வாறு? ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரு வண்டிகள் வெவ்வேறு கடிகாரத்தைப் பின்பற்றினால் விளைவது விபத்தன்றோ? ஆகவே பொது நேரம் ஒன்று தேவைப்பட்டது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அமைத்த வான ஆய்வுக்கூடம் இருந்தது. அதன் கணக்குப்படி சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்திருந்த அந்தச் சென்னை நேரமே 1870-ஐ ஒட்டி இந்திய ரயில்கள் அனைத்திற்கும் பொது நேரமாயிற்று.

இதனால் விளைந்த வேடிக்கையைப் பாருங்கள். பம்பாயில் ஊர்க் கடிகாரத்தைவிட ரயில் நிலையக் கடிகாரம் அரைமணி முந்தி ஓடியது. கல்கத்தாவிலோ அரைமணிக்குச் சற்று மேலாகப் பிந்தி ஓடியது. பம்பாய்வாசி ஊர்ப் பொழுதை நம்பிப் புறப்பட்டால் வண்டியைத் தவறவிடுவார். கல்கத்தாவாசி அவ்வாறு புறப்பட்டால் நிலையத்தில் காத்துக் கிடப்பார். கண்ணுக்குத் தெரியும் கதிரவன் ஒன்று சொல்ல, சுவரில் தொங்கும் கடிகாரம் வேறொன்று சொல்லும் நிலை அன்று தொடங்கியது. 1881-ல் பம்பாய் ஆளுநர் சர் ஜேம்ஸ் பெர்குஸன், நகரம் முழுவதும் சென்னை நேரத்தையே கொள்ளவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். நகரத்தார் இசையவில்லை. 1883-ல் அவ்வாணையைக் கைவிட நேர்ந்தது.

அதே பம்பாயில் அப்பொழுது பருத்தி ஆலைகளின் ஊதல் ஒலிக்கத் தொடங்கியிருந்தது. கடிகாரத்தின் கடுமையை முதலில் உடலால் உணர்ந்தவர்கள் ஆலைத் தொழிலாளர்களே. வாரம் முழுவதும் ஓய்வின்றி உழைத்த அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் புலேயின் சத்திய சோதக சமாஜத்தைச் சார்ந்தவர். ‘தீனபந்து’ என்னும் மராத்திய ஏட்டின் ஆசிரியர். 1884-ல் அவர் முன்னின்று தொழிலாளர் சார்பில் விண்ணப்பம் ஒன்றை அளித்தார். ஞாயிறுதோறும் முழு ஓய்வு வேண்டும், நண்பகலில் அரைமணி இடைவேளை வேண்டும், காலை 6.30 மணிக்குத் தொடங்கும் வேலை கதிரவன் மறையும் வேளையில் முடியவேண்டும் என்பன அதில் அடங்கிய கோரிக்கைகள். தொடங்குவதற்குக் கடிகாரத்தையும் முடிப்பதற்குக் கதிரவனையும் அவர்கள் சாட்சி வைத்ததை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். 1890 ஜூன் 10-ஆம் நாள் ஞாயிறு விடுமுறைக்கு ஆலை முதலாளிகள் இசைந்தனர். இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் சோம்பல் முறித்து எழுகிறோம் என்றால், அந்த ஓய்வுக்குப் பின்னே ஆறாண்டு உழைப்பு இருக்கிறது. நிதானம் செல்வர்களுக்குரிய அலங்காரப் பொருள் என்பாரும் உளர். நண்பகல் அரைமணியில் கைகழுவி அமர்ந்து உண்ணவேண்டும் என்று கேட்டவர்கள் ஏழைத் தொழிலாளர் என்பதை வரலாறு காட்டுகிறது.

1906 ஜனவரி முதல் நாள் இந்திய நியம நேரம் நடைமுறைக்கு வந்தது. மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டு, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியதாக அது வகுக்கப்பட்டது. பம்பாயின் ஊர்ப் பொழுதுக்கும் புதிய நேரத்திற்கும் இடையே 39 நிமிஷ வேறுபாடு. கடிகாரத்தில் அதே எண்ணைக் காட்டி ஆலைக் கதவைத் திறந்தால், தொழிலாளி உண்மையில் 39 நிமிஷம் முன்னதாக, இருள் விலகுமுன் வந்து நிற்கவேண்டும். மின்விளக்கின் வரவால் வேலை நேரம் ஏற்கெனவே நீண்டிருந்த காலம் அது. அந்த ஜனவரியிலேயே ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர் வேலை செய்ய மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர், கல்லெறியும் நிகழ்ந்தது. நகரத்தார் பலர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர். கல்கத்தா 1948 வரை தன் பழைய நேரத்தை விடவில்லை. பம்பாயில் ஊர் நேரத்தின் வழக்கம் சுமார் 1955 வரை எஞ்சி நின்றது. ஆலை வேலைக்கு எல்லை வகுக்கும் முயற்சியும் படிப்படியாக வென்றது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலை ஆடவருக்கு நாளொன்றுக்கு 12 மணி என்று வரம்பிட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை 9 மணியாகவும் வாரத்திற்கு 48 மணியாகவும் குறைத்தது.

பொது நேரம் தீமை என்று நாம் கூற வரவில்லை. அது இல்லையேல் ரயில் இல்லை, தந்தி இல்லை, குறித்த வேளையில் ஊரெங்கும் ஒலிக்கும் வானொலியும் இல்லை. பரந்த இந்நாட்டை ஒரே வேளையில் ஒன்றாக எண்ணச் செய்த கருவிகளுள் அதுவும் ஒன்று. ஆயினும், பொழுது இடத்தினின்று பிரிந்தபொழுது வேறொன்றும் பிரிந்தது. கிண்ணம் மூழ்குவதையும் நிழல் நகர்வதையும் கண்டு பொழுதை அறிந்தவன், தான் இருக்கும் இடத்தைப் பார்த்தே அதனை அறிந்தான். கால அட்டவணையைப் பார்ப்பவனோ, அடுத்து வரப்போவதைப் பார்க்கிறான். அடுத்ததையே பார்க்கும் பழக்கம் வேரூன்றியதும், கையில் உள்ள நிமிஷம் கடந்து செல்லும் வழியாக மட்டும் ஆகிவிட்டது.

இவ்விரண்டையும் தம் வாழ்வில் இணைத்துக் காட்டியவர் காந்தியடிகள். 1909-ல் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்புகையில், பத்தே நாளில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலை எழுதினார். வலக்கை சோர்ந்தபொழுது இடக்கையால் எழுதினார். ரயிலின் வேகத்தை அந்நூலில் கடுமையாகக் கண்டித்தார். அவரே பின்னர் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் நாடெங்கும் சுற்றினார். இடுப்பில் கடிகாரத்தைத் தொங்கவிட்டு நிமிஷம் தவறாமல் வாழ்ந்தார். சபர்மதி ஆசிரமத்தில் விடியற்காலை 4 மணிக்கே மணி ஒலித்து அனைவரையும் எழுப்பும். இவ்வளவு கண்டிப்புடையவர் திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்தார். நாடே அவர் வாய்ச்சொல்லுக்குக் காத்திருந்த நாட்களிலும் அவ்விரதத்தைக் கைவிடவில்லை. நாள்தோறும் நூல் நூற்றார். ராட்டையின் முன் அமர்ந்தவர் அறிவர்: ஒரு கை சக்கரத்தைச் சுற்ற, மறுகை பஞ்சை இழுக்க, உள்ளம் வேறெங்கேனும் சென்றால் இழை அறுந்துவிடும். விரைந்து இழுத்தாலும் அறும். தயங்கினாலும் முறுக்கேறிக் கெடும்.

1948 ஜனவரி 30-ஆம் நாள் மாலை, சர்தார் படேலுடன் நிகழ்ந்த உரையாடல் நீண்டதால், 5 மணிப் பிரார்த்தனைக்குச் சில நிமிஷம் பிந்திப் புறப்பட நேர்ந்தது. அத்தாமதம் அவருக்கு வருத்தம் அளித்தது என்பது உடனிருந்தோர் பதிவு செய்த செய்தி. தம்மை எதிர்நோக்கி அமர்ந்திருந்த மக்களின் நிமிஷங்களும் மதிப்புடையவை என்பதே அவ்வருத்தத்தின் பொருள் எனலாம். நிதானம் என்பதும் தாமதம் என்பதும் ஒன்றன்று. தாமதிப்பவன் பிறர் பொழுதைச் செலவிடுகிறான். அவசரப்படுபவன் தன் பொழுதையே காணாது இழக்கிறான். நிதானமுடையவனோ உரிய வேளையில் வந்து, வந்த இடத்தில் முழுமையாக இருக்கிறான்.

இன்று இந்திய நியம நேரத்தைத் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களால் காத்து வருகிறது. 1967 முதல் ஒரு விநாடி என்பது சீசியம் அணுவோடு தொடர்புடைய அலையின் 919 கோடிக்கு மேற்பட்ட அதிர்வுகளால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சட்டைப்பையில் உள்ள கைபேசி நொடிக்கு நொடி நம்மை அழைக்கிறது. நாளந்தாவின் முரசு ஒருமுறை முழங்கிவிட்டு, அடுத்த கிண்ணம் மூழ்கும் வரை அமைதி காத்தது. நம் கைபேசிக்கு அந்த இடைவேளை தெரியாது. எனவே அந்த இடைவேளையை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம். லோகாண்டேயும் அவர்தம் தோழர்களும் ஆறாண்டு போராடிப் பெற்றுத்தந்த ஞாயிற்றை, நாமே நம் கையால் அவசரத்திற்கு மீண்டும் ஒப்படைத்துவிடலாகாது.

இதற்குக் காடு செல்லவேண்டியதில்லை. கடிகாரத்தை எறிந்துவிடவும் வேண்டியதில்லை. உண்ணும் அரைமணியில் உணவை மட்டும் உண்ணலாம். பிள்ளை பேசும்பொழுது அதன் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். வீட்டு முற்றமோ மொட்டைமாடியோ பதினைந்து முழம் இருந்தால், எங்கும் போய்ச் சேரும் எண்ணமின்றிச் சிறிது நேரம் உலவலாம். நாளொன்றுக்கு 60 நாழிகை என்று நம் முன்னோர் கணக்கிட்டனர். அவற்றுள் ஒன்றையேனும், செப்புக் கிண்ணத்தின் அருகே அமர்ந்திருந்த அச்சிறுவனைப் போல், விழித்திருந்து கழிப்போமாக.